கோட்டை யாருடையது?

ஏறினோம்; மூச்சு வாங்க ஏறினோம். வடகடலின் காற்று கன்னத்தில் அறைய, கல் பாவிய சரிவுப் பாதையில் கால் வலிக்க ஏறி, வாயிலைக் கடந்து, மதிலோரம் போய் நின்று கிழக்கே நோக்கினோம். கீழே வெண்மணல்; அதற்கப்பால் சீறிச் சீறிச் சிதறும் அலை; அலைக்கு நடுவே கருந்திட்டுகளாய் ஃபார்ன் தீவுகள்; வடக்கே, மங்கலாக, லிண்டிஸ்ஃபார்ன் எனும் துறவியர் தீவு. தலைக்கு மேலே செம்மை படிந்த மணற்கல் சுவர்கள், மாலை வெயிலில் மெருகேறி நின்றன.

மாளிகைகளைக் கண்டு மயங்காதீர், அவற்றின் அடித்தளத்தில் மக்களின் முதுகெலும்பு இருக்கிறது என்று மேடைதோறும் முழங்கியவர்கள் நாம். வகுப்பறையில் மன்னர் பட்டியலை ஒப்பிக்கச் சொல்லாமல், கல் சுமந்தவன் யார், கஞ்சிக்கு அலைந்தவன் யார் என்று பிள்ளைகளைக் கேட்கப் பழக்கியவர்கள் நாம். அத்தகைய நாம், இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்துக் கடற்கரையில், பாம்பரோ கோட்டையின் மதில்மீது வாய் பிளந்து நின்றோம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உடன் வந்த நண்பர், நியூகாசிலில் படிப்பவர், நம்மைப் பார்த்துச் சிரித்தார். "என்ன ஆசிரியரே, மேடைப் பேச்சு எங்கே போயிற்று?" என்றார். விடை சொல்ல முடியவில்லை. கண் களித்தது உண்மை. அந்தக் களிப்பு குற்றமா? குற்றமில்லையெனில், நாம் இதுவரை பேசியதெல்லாம் வெறும் பேச்சா? அன்று முழுதும் நம்மை விடாமல் துரத்திய கேள்வி இதுதான்.

பாம்பரோ பாறை, பூமியின் அடிவயிற்றிலிருந்து எழுந்த குழம்பு உறைந்து பிறந்த கரும்பாறை. ஏறத்தாழ 150 அடி உயரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சமவெளி. அதன்மேல் நிற்பவன் கண்ணுக்குத் தப்பி ஒரு படகும் வர முடியாது, ஓர் உழவனும் விதைக்க முடியாது. 6ஆம் நூற்றாண்டிலிருந்தே அரசர்கள் இதை விரும்பிப் பிடித்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இன்று நடுவே நிற்கும் பெருங்கோபுரம் 12ஆம் நூற்றாண்டினது. அதனுள் கரும்பாறையைக் குடைந்து இறங்கும் ஒரு கிணறு இருக்கிறது. 140 அடிக்கு மேல் ஆழம். எட்டிப் பார்த்தோம், இருட்டுத்தான் தெரிந்தது. எந்த அரசன் காலத்தில் எந்தச் சுவர் எழுந்தது என்று சொல்லப் பலகைகள் பல உண்டு. அந்தக் கிணற்றுக்குள் இறங்கி உளி பிடித்தவனின் பெயரைச் சொல்லும் பலகை இல்லை; இருக்கவும் வழியில்லை.

மன்னர் மண்டபம் என்று ஒன்றைக் காட்டினார்கள். நெடிய கூரை, செதுக்கிய மரம், சுவரெங்கும் கவசமும் கருவியும். ஆகா, இங்கேதான் அந்நாளைய பிரபுக்கள் மதுக்கிண்ணம் ஏந்தி மார்தட்டியிருப்பார்கள் என்று நாம் கற்பனைக் குதிரையை விரட்டிக்கொண்டிருந்தபோது, வழிகாட்டி அதன் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினார். மண்டபத்துக்கு வயது ஏறத்தாழ 130தானாம்! பழைய மண்டபம் இருந்த இடத்தில், பழமைபோலத் தோன்றும்படி புதிதாக எழுப்பியது. கூரை மரம் சயாம் நாட்டுத் தேக்கு. ஏமாந்தோம், ஆனால் ஏமாற்றியவர் எவரும் இல்லை. பழமை என்றால் பணிய வேண்டும் என்று நம் தலைக்குள்ளேயே ஒரு பழக்கம் குடியிருக்கிறதே, அதுதான் ஏமாற்றியது. பகுத்தறிவு பேசுகிற தலைக்குள்ளும்!

இந்தக் கோட்டையைப் பற்றிய பழைய கதையொன்றைக் கல்லூரியிலேயே படித்திருந்தோம். பீட் என்ற துறவி 731இல் எழுதி முடித்த ஆங்கிலத் திருச்சபை வரலாற்றில் வருவது. 7ஆம் நூற்றாண்டில் மெர்சியா நாட்டு மன்னன் பெண்டா பாம்பரோவை முற்றுகையிட்டான். மதிலைத் தகர்க்க முடியவில்லை. எனவே சுற்றிலும் இருந்த சிற்றூர்களைப் பிரித்தெறிந்தான். உத்தரம், கைமரம், வரிச்சு, கூரை வேய்ந்த வைக்கோல், எல்லாவற்றையும் வாரிவந்து மதிலோரம் மலையாகக் குவித்தான். காற்று கோட்டையை நோக்கி வீசும் வேளை பார்த்துத் தீயிட்டான். ஃபார்ன் தீவில் தனித்திருந்த எய்டன் என்னும் அருளாளர் புகையைக் கண்டார், கைகளை உயர்த்தினார், கண்ணீர் உகுத்து ஆண்டவனிடம் முறையிட்டார். உடனே காற்றுத் திரும்பிற்றாம், தீ வைத்தவர்களையே தீ துரத்திற்றாம், கோட்டை தப்பிற்றாம்.

கல்லூரி நாளில் இதைப் படித்துவிட்டு எவ்வளவு எள்ளி நகையாடினோம்! கடற்கரையில் காற்றுத் திரும்புவதற்கு அருளாளர் கண்ணீர் எதற்கு? நான்கு நாள் கரையில் உட்கார்ந்திருந்த மீனவச் சிறுவன் சொல்வானே, காலையில் எப்படி வீசும், மாலையில் எப்படி மாறும் என்று! வாதம் சரிதான், இன்றும் அதில் ஓர் எழுத்தை மாற்ற மாட்டோம். ஆனால் பாம்பரோ மதிலில் சாய்ந்தபடி அந்தக் கதையை மீண்டும் எண்ணிப் பார்த்தபோது நெஞ்சில் ஏதோ தைத்தது. அற்புதத்தை மறுத்தோம், வெற்றிக் களிப்போடு அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். அந்தக் கூரைகள்? அவை யாருடைய கூரைகள்? எந்தத் தாய் அந்த உத்தரத்தில் தூளி கட்டியிருந்தாள்? காற்றுத் திரும்பிக் கோட்டை பிழைத்த இரவில், கூரையிழந்தவர்கள் எங்கே படுத்தார்கள்? பீட் துறவிக்கு ஆண்டவன்மேல் கண், அவர் கேட்கவில்லை. நமக்கு ஆண்டவனை மறுப்பதில் கண், நாமும் கேட்கவில்லை! அவராவது உத்தரம், வரிச்சு, வைக்கோல் என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். நாமோ அதைக்கூடக் கவனிக்காமல் தாண்டிப் போனோம்.

வழிகாட்டியிடம் கேட்டோம், அந்தச் சிற்றூர்கள் எங்கே இருந்தன என்று. நல்ல மனிதர், முதியவர். சாளரத்தின் வழியே சமவெளியைப் பார்த்தார்; கையை அரைவட்டமாக வீசிக் காட்டினார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

கோட்டைக்குத் தெற்கே மணல்மேட்டில் 1998 முதல் சில ஆண்டுகள் அகழ்ந்து, நூறு பேருக்கு மேற்பட்டோரின் எலும்புகளை எடுத்திருக்கிறார்கள். பல்லில் பதிந்த வேதியியல் தடயங்களை ஆராய்ந்தபோது, அவர்களில் மிகப் பலர் அவ்வூரில் பிறந்தவர்களே அல்லர், அயர்லாந்திலிருந்தும் நார்வேப் பக்கமிருந்தும் தெற்கு நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் என்று தெரிந்தது. 2016இல் அவர்களை ஊர்த் தேவாலயத்தின் நிலவறையில் மரியாதையோடு மீண்டும் அடக்கம் செய்தார்கள். தூய குருதி, தொன்றுதொட்ட ஒரே இனம் என்று தோள் தட்டுவோர் ஒருமுறை அந்தப் பற்களைப் பார்த்துவிட்டு வரலாம். இது நம் கேள்விக்கு நேரே தொடர்புடையதன்று; என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அடுத்து 1464. அந்நாளில் இங்கிலாந்தின் அரியணைக்கு இரண்டு குடும்பங்கள் அடித்துக்கொண்டன. தோற்ற தரப்பினர் சிலர் பாம்பரோவில் புகுந்து கதவடைத்தனர். நான்காம் எட்வர்டு மன்னனின் சார்பில் வாரிக் பிரபு பீரங்கிகளோடு வந்தான். முதலில் தூதர் போனார்கள். அவர்கள் சொன்ன செய்தி நம்மை உறைய வைத்தது: இக்கோட்டை மன்னர் விரும்பும் மணி, இது பழுதின்றி அவருக்கு வேண்டும், சுவரைச் சிதைக்கும்படி நாங்கள் சுடவேண்டி வந்தால், ஒவ்வொரு குண்டுக்கும் உங்களில் ஒரு தலை, தலைவன் தொடங்கிக் கடைசி ஆள் வரை. கேட்டீர்களா விலைப்பட்டியலை! சுவரில் ஒரு வடு; ஈடாக ஒரு மனிதத் தலை. கதவு திறக்கவில்லை. பீரங்கி முழங்கிற்று, கற்கள் பெயர்ந்து கடலை நோக்கிப் பறந்தன. பீரங்கியால் வீழ்ந்த முதல் ஆங்கிலக் கோட்டை என்று இதை எழுதுகிறார்கள். வள்ளுவர் அரணுக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தவர். அதன் இறுதியில், செயல் மாட்சி இல்லாதவரிடத்தில் எத்தகைய அரணும் அரணன்று என்றார். பாம்பரோவில் இருந்தவர்க்கு மாட்சி இருந்ததோ இல்லையோ, வெடிமருந்து வந்தபின் எவர் மதிலும் மதிலாக நிற்கவில்லை.

உடைந்த கோட்டை உடைந்தபடியே பல காலம் கிடந்தது. பின்னர் டர்ஹம் பேராயராக இருந்த குரூ பிரபு இந்தப் பண்ணையை வாங்கினார். 1721இல் அவர் இறந்தபோது, சொத்தை அறப்பணிக்கென்று எழுதி வைத்திருந்தார். அந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களில் ஒருவரான ஜான் ஷார்ப் என்ற பாதிரியார் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெருங்கோபுரத்தைச் செப்பனிட்டார். இங்கேதான், தோழர்களே, நம் கணக்கு முதன்முதலாகத் தடுமாறியது. ஏனென்றால், அவர் செப்பனிட்டது கொலுவிருப்பதற்கன்று. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். இலவச மருந்தகம் திறந்தார். தானியம் வாங்கிச் சேர்த்து, விலை ஏறிய காலத்தில் ஏழைகளுக்குக் குறைந்த விலைக்கு அளந்தார். அந்தக் கடல் கப்பல்களின் சுடுகாடு. மூடுபனி கவிந்தால் பீரங்கி முழக்கி மாலுமிகளை எச்சரிக்கச் செய்தார். புயல் இரவுகளில் குதிரை வீரர்களைக் கரையோரம் அனுப்பினார். கரைசேர்ந்தவர்க்குக் கோட்டையிலேயே படுக்கை போட்டார். 1786இல் லயனல் லூகின் என்பவரைக் கொண்டு, மூழ்காத உயிர்காப்புப் படகு ஒன்றை அமைக்கச் செய்தார். தலைக்கு விலை பேசிய அதே மதிலுக்குள் இதுவெல்லாம் நடந்தது!

என்ன சொல்வது? ஐயமே இல்லை, மனிதர் பெரியவர். பாதிரியார் என்பதற்காக அவர் தொண்டைப் பாராட்டத் தயங்கினால், நம் பகுத்தறிவு வெறும் பகையறிவாகிவிடும். ஆயினும் ஒரு முள் உறுத்திக்கொண்டேயிருந்தது. அந்தத் தானியம் வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? பண்ணை நிலத்துக் குத்தகையிலிருந்து. உழுதவன் அளந்த நெடுங்கணக்கில் ஒரு பங்கு, உழைத்தும் பசித்தவனுக்குக் கொடையாகத் திரும்பியது. பங்கு என்று வந்திருந்தால் தலை நிமிர்ந்து வாங்கியிருப்பான். கொடை என்று வந்ததால் குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாங்கினான்.

இது நமக்கு ஏட்டில் படித்த செய்தியன்று. நாம் கல்லூரியில் படித்ததே ஒரு செல்வரின் அறக்கட்டளை உதவியால்தான். ஆண்டுக்கொருமுறை, கொடையாளரின் படத்துக்கு மாலை சூட்டுவார்கள். உதவி பெறும் மாணவர்கள் வரிசையில் நின்று, படத்தை வணங்கி, பெயரைச் சொல்லி, நன்றி கூறி, அதன்பின் உறையை வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டணம் கட்டிப் படித்த மாணவர்கள் பலகணியில் நின்று பார்ப்பார்கள். குவித்த கை கூசிற்று. ஆனால் அந்த உறை வந்திராவிட்டால், இன்று சாக்கட்டி பிடிக்கும் இந்தக் கை எங்கோ மூட்டை தூக்கிக்கொண்டிருக்கும். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவன், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான்.

கொடுக்கும் கையைப் பற்றி அதே பாம்பரோவில் இன்னொரு கதையும் உண்டு. ஆஸ்வால்டு என்ற மன்னன் உணவருந்த அமர்ந்தபோது, வாயிலில் ஏழைகள் திரண்டிருப்பதாகச் சேதி வந்தது. தன் முன் இருந்த உணவையும், அது இருந்த வெள்ளித் தட்டையும் துண்டாக்கி அவர்களுக்கு வழங்கச் சொன்னான். அருகிருந்த எய்டன் மகிழ்ந்து, இந்தக் கை ஒருபோதும் அழியாதிருக்கட்டும் என்று அவன் வலக்கையைப் பற்றி வாழ்த்தினார். 642இல் போரில் மன்னன் மாண்டபின், அந்தக் கை பாம்பரோவில் வெள்ளிப் பேழைக்குள் அழியாமல் இருந்ததாகப் பீட் எழுதுகிறார். கொடுத்த கைக்குப் பேழை. வாயிலில் நீண்டிருந்த கைகள் எத்தனை, அவை அன்று ஏன் நீள நேர்ந்தது என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

நிற்க. 1894இல் கோட்டையை ஆம்ஸ்ட்ராங் பிரபு வாங்கினார். நாம் வியந்து நின்ற மண்டபமும், இன்று வானத்தில் எழுந்து நிற்கும் கோட்டையின் பெரும்பகுதித் தோற்றமும் அவர் செலவில் வந்தவை. யார் இந்த ஆம்ஸ்ட்ராங்? வழக்கறிஞராகத் தொடங்கிப் பொறியியல் மேதையானவர். நீரின் அழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கியைக் கண்டவர். தம் மாளிகையில் நீர்மின்சார விளக்கு எரியவிட்டவர். அறிவை வழிபடும் இளைஞன் அவர் வரலாற்றைப் படித்தால் மெய்சிலிர்ப்பான். அதே மூளை, பின்புறம் குண்டு திணிக்கும் புதுவகைப் பீரங்கியையும் வார்த்தது. நியூகாசிலை அடுத்த எல்ஸ்விக்கில் ஆலை எழுந்தது, உலகமெல்லாம் வாடிக்கை. 1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்க நின்றவர்க்கும் விற்றார்கள், எதிர்த்து நின்றவர்க்கும் விற்றார்கள். பொருளைப் படைப்பதே பொறியாளன் பணி. அதைப் பயன்படுத்துவோனே பயனுக்குப் பொறுப்பு என்பது ஆம்ஸ்ட்ராங்கின் கொள்கை. 1464இல் பீரங்கி உடைத்த கோட்டையை, 430 ஆண்டுகளுக்குப் பின் பீரங்கி விற்ற பணம் ஒட்டவைத்தது! கதாசிரியன் எழுதியிருந்தால், இவ்வளவு பொருத்தமா என்று திருத்தச் சொல்லியிருப்போம்.

அந்தக் கொள்கையோடுதான் நமக்குப் பெருஞ்சண்டை. கத்தி செய்யும் கொல்லன் கொலைக்குப் பொறுப்பாவானா என்று கேட்பார்கள். ஆகமாட்டான்; கத்தி காய் நறுக்கவும் உதவும். தொலைவில் உள்ள பாடிவீட்டைக் குறிபார்ப்பதற்கென்றே செய்யும் குழலில் எந்தக் காயை நறுக்குவது? இரு தரப்புக்கும் விற்பவன், தான் எத்தரப்பும் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இரு தரப்புச் சாவிலும் அவனுக்கு வரவு உண்டு என்பதும் அதே கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது. பாரந்தூக்கிக்குப் பெருமை கேட்டு வாங்கிக்கொண்ட கை, பீரங்கிக்குப் பொறுப்பு வந்தபோது மட்டும் பின்னால் மறைந்துகொள்வது எந்த ஊர் நியாயம்?

மற்றொன்று. 1871இல் நியூகாசில் பொறியியல் தொழிலாளர்கள், நாளொன்றுக்கு ஒன்பது மணிநேர வேலை வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் அணிக்குத் தலைமை தாங்கியவர் ஆம்ஸ்ட்ராங். வெளிநாடுகளிலிருந்து ஆள் இறக்கினார்கள். ஐந்து மாதம் வயிறு காய்ந்தது; ஆனாலும் தொழிலாளர் கை தளரவில்லை. ஒன்பது மணிநேரம் வென்றார்கள்! ஷார்ப் பாதிரியாரின் தானியம் கொடுத்தது. இது கொடுத்ததன்று, எடுத்தது. தானியம் தந்தவர் விரும்பும்வரை வரும்; கோட்டை கைமாறியது, கோட்டைக்குள் நடந்த தொண்டும் முடிந்தது. ஒன்பது மணிநேரமோ, எவர் கோட்டையை எவர் வாங்கினாலும் திரும்பிப் போகவில்லை. எட்டாகக் குறையத்தான் போராட்டம் தொடர்ந்தது. மண்டபத்தின் சுவர்களில் தேடினோம். கவசம் இருக்கிறது, ஈட்டி இருக்கிறது, பெரிய மனிதர் படங்கள் இருக்கின்றன. அந்த ஐந்து மாதத்தின் அடையாளமாக ஒரு காகிதமும் நம் கண்ணில் படவில்லை.

இவ்வளவையும் நண்பரிடம் கொட்டித் தீர்த்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இடித்துவிடலாமா, ஆசிரியரே?" என்றார். இடிப்பதா! இடித்தால் அந்தக் கிணறு குடைந்தவனின் உழைப்பும் அல்லவா இடியும்? "சரி, இடிக்க வேண்டாம். ரசிக்கலாமா, கூடாதா? ஒன்றைச் சொல்லுங்கள்" என்று மடக்கினார். ரசிக்கலாம் என்றோம். கல்லை அடுக்கிய கொத்தனின் கைத்திறனை, கடலை நோக்கிச் சுவரை வளைத்தவனின் கண்ணை, ரசிக்காமலிருப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் ரசித்த கண் கீழே சமவெளிக்கும் இறங்க வேண்டும் என்றோம். "எல்லாரும் கோட்டையைப் பார்க்க வருகிறார்கள், கணக்குப் பார்க்க நீங்கள் ஒருவர்தான் வந்தீர்கள்" என்று கேலி செய்தார். பின்பு தாமாகவே, "அந்த உயிர்காப்புப் படகு உங்களைத் தேடி வந்திருந்தால்?" என்று கேட்டார். ஏறியிருப்போம் என்றோம். ஏறி, கரை சேர்ந்து, நன்றி சொல்லி, அதன்பின் குத்தகைக் கணக்கையும் கேட்டிருப்போம். முதலில் ஏறியிருப்போம் என்பதைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை.

கீழே இறங்கினோம். கோட்டையின் காலடியில் கிரிக்கெட் திடல்; சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பேருந்துக்கு நேரமிருந்ததால் ஊர்த் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கலங்கரை விளக்கக் காவலரின் மகள் கிரேஸ் டார்லிங் அங்கே அடக்கமாகியிருக்கிறார். 1838 செப்டம்பரில் ஒரு புயல் காலையில், பாறையில் மோதிப் பிளந்த கப்பலிலிருந்து உயிர் தப்பியவர்களை மீட்கத் தந்தையோடு சிறு படகில் போனவர், வயது இருபத்திரண்டு. புகழ் நாடெங்கும் பரவியது; அவர் தலைமுடியில் ஒரு கற்றை கேட்டுக் கடிதங்கள் குவிந்தனவாம்! பேழையில் கையைப் பாதுகாத்த காலம் போயும், அந்தப் பழக்கம் போகவில்லை. நான்கே ஆண்டில், 1842இல், காசநோயால் மறைந்தார்.

பெற்றோரும் உடன்பிறந்தாரும் உறங்கும் குடும்பக் கல்லறை அது. புல் ஈரமாக இருந்தது. அந்தத் துடுப்புப் பிடித்த கை, எல்லார் கையையும் போல, என்றோ மண்ணோடு மண்ணாகிவிட்டது. சற்று நேரம் நின்றோம். பேருந்தின் ஒலி கேட்டது, ஓடினோம்.